பெயரில்லாச் சைலன்சரும் கிளிநொச்சிக் கராஜும்

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நின்ற வரிசை, ஏ9 வீதியின் நிலைமை, முறிகண்டியில் கச்சான் விலை, இவற்றையெல்லாம் எனக்கு முன்னே ஊருக்குப் போய்வந்தவர்கள் எழுதிவிட்டார்கள். எனக்கும் அவற்றில் குறை இல்லை. நான் எழுத வந்தது ஒரு காரின் சைலன்சரைப் பற்றி. ஜெர்மனியின் டோர்ட்முண்டிலிருந்து ஊருக்குப் போன விடுமுறையில் பாதியை அதன் கீழே கழித்தேன் என்று மனைவி இன்னமும் சொல்லிக்காட்டுகிறாள். கார் அவளுடைய தம்பியுடையது என்பதை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறாள்.

மச்சான் வைத்திருப்பது 1994 ஆம் ஆண்டு சுபாரு இம்பிரெசா டபிள்யூ.ஆர்.எக்ஸ். இரண்டு லீற்றர் எஞ்சின், நான்கு சிலிண்டர்களும் இரண்டிரண்டாக எதிரெதிரே படுத்திருக்கும், கூடவே டர்போ. ஜெர்மனியில் இப்படி ஒன்றை வைத்திருப்பவர் வெயில் எறிக்கும் ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் வெளியே எடுப்பார். இவன் அதில் மீன் வாங்கப் போகிறான். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தியவர்கள் 2025 தொடக்கத்தில்தான் திரும்பத் திறந்தார்கள். இடையில் பழைய கார்கள் ஏறிய விலையை டோர்ட்முண்டில் யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வராது. அந்த விலைக்கு மேலே இன்னொரு தொகையையும் கொடுத்திருக்கிறான். "சைலன்சர் எச்.கே.எஸ்., ஜப்பானிலேயே போட்டது" என்று விற்றவர் சொன்னாராம். ஸ்போர்ட்ஸ் கார் உதிரிப்பாகங்களுக்குப் பெயர்போன ஜப்பான் கம்பனி அது. குனிந்து பார்த்தேன். பெயர் இல்லை, இலக்கம் இல்லை, ஒரு கீறல் எழுத்துக்கூட இல்லை.

ஜெர்மனியில் இந்தக் கதைக்கே இடமில்லை. அங்கே வெளியில் வாங்கிப் போடும் சைலன்சரில் வட்டத்துக்குள் ஆங்கில ஈ (E) எழுத்தும் அனுமதி இலக்கமும் அடித்திருக்கும். இல்லையென்றால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் டியூஃப் என்னும் வாகனப் பரிசோதனையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், கார் வீதியில் ஓடும் அனுமதியே போய்விடும். இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று வருடக்கணக்காகத் திட்டியவன் நான்.

குழாயைச் செய்தது யார் என்று அறிய நினைத்தது வெறும் பெருமைக்காக அல்ல. மாங்குளம் கழிந்தால் காட்டை அறுத்துக்கொண்டு வீதி நேராகப் போகும். அங்கே மச்சான் மிதித்தான். டர்போவின் விசில் எழுந்தது, முதுகு இருக்கையோடு ஒட்டியது, அடுத்த கணம் யாரோ பின்னாலிருந்து கயிறு போட்டு இழுத்ததுபோல் கார் வெட்டி, மறுபடியும் பாய்ந்தது. "எப்போதும் இப்படித்தான் அத்தான், ஸ்போர்ட்ஸ் கார் அல்லவா" என்றான்.

ஸ்போர்ட்ஸ் காருக்கு அப்படி ஒரு குணமும் கிடையாது. எஞ்சினிலிருந்து வெளியேறும் புகைதான் டர்போவைச் சுழற்றுகிறது. அதற்குப் பிறகு வரும் குழாய் அகலமானால் டர்போ இன்னும் இலகுவாகச் சுற்றி, காற்றை அளவுக்கு மேல் எஞ்சினுக்குள் திணிக்கும். மிஞ்சும் புகையை டர்போவைத் தொடாமல் திருப்பிவிட வேஸ்ட்கேட் என்று ஒரு சின்னக் கதவு இருக்கிறது. குழாய் மிகத் தாராளமாக இருந்தால் அந்தக் கதவு ஈடுகொடுக்காது. அழுத்தம் எல்லையைத் தாண்டியதும் எஞ்சினைக் காப்பாற்றுவதற்காகக் காரின் கணினி பெற்றோலை நிறுத்திவிடும். அந்த வெட்டு அதுதான் என்று எனக்குச் சந்தேகம். இந்தக் காரோ ஜப்பானின் உயர்ரகப் பெற்றோலுக்காகச் செய்யப்பட்டது. 95 ஒக்டேன் எல்லா நிலையங்களிலும் கிடைப்பதில்லை என்று சொல்லி இவன் 92ஐ அடித்துக்கொண்டு திரிகிறான். தரம் குறைந்த பெற்றோலோடு அழுத்தமும் ஏறினால் எஞ்சின் தட்டிக் கெட்டுப்போகும். ஆகவே கீழே தொங்கும் குழாய் என்ன அளவு, புகையின் நச்சைக் குறைக்கும் கட்டலிற்றிக் கொன்வேர்ட்டர் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்தாக வேண்டும்.

முதலில் வவுனியாவில் கண்ணாடிக் கதவும் ஏசியும் உள்ள ஓர் இடத்துக்குப் போனோம். பெயர் வேண்டாம். குளிர்பானம் தந்தார்கள், சட்டையில் பெயர் தைத்த பையன் ஒருவன் வந்தான், ஸ்கான் செய்ய வேண்டும் என்றான். இரும்புக் குழாயை எதற்குத் தம்பி ஸ்கான் செய்வது என்று கேட்டேன். முறை அதுதான் என்றான். அவன் கொண்டுவந்த கருவியின் செருகி 1994 இம்பிரெசாவில் பொருந்தவே இல்லை. பிறகு கைபேசியில் படங்களைத் தள்ளிப் பார்த்து, எச்.கே.எஸ். ஆகத்தான் இருக்கும் என்று தீர்ப்புச் சொன்னான். காருக்குக் கீழே ஒரு தரம் தலையை நீட்டவில்லை. ஸ்கான் கட்டணம் என்று அச்சடித்த பில் மட்டும் வந்தது. டோர்ட்முண்டிலும் மணிக்கணக்குப் போட்டு உரிப்பார்கள், ஆனால் காரை உயர்த்திவிட்டு உரிப்பார்கள்.

கிளிநொச்சியில் மச்சானுக்குத் தெரிந்த கராஜ் ஒரு தகரக் கொட்டில். காலையில் வரச் சொன்னவர் மதியத்துக்குக் கிட்டத்தான் வந்தார். இரணைமடுத் தண்ணீர் திறந்துவிட்டார்களாம், வயலுக்குப் போய்விட்டாராம். ஜெர்மனியில் இப்படிச் செய்தால் மறுநாள் கடை இருக்காது. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையும் மொறிஸ் மைனரையும் மண்ணெண்ணெயில் ஓடவைத்த கை அது. சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றும் அந்த வித்தை நம் வயதுக்காரருக்குப் புதிதல்ல. மண்ணெண்ணெயில் எஞ்சின் தட்டும். அந்தத் தட்டலைக் காதால் பிடித்துப் பழகியவர், காரை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, பொனற் பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, முதல் வார்த்தையாக என்ன பெற்றோல் அடிக்கிறாய் என்று மச்சானைத்தான் கேட்டார். மச்சான் என்னைப் பார்த்தான்.

குழிக்குள் இறங்கினோம். அவர் கையில் இருந்தவை பழுதான ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம், ஒரு டோர்ச், கொஞ்சம் தையல் நூல். சைலன்சரின் பின் பெட்டியில் காந்தம் ஒட்டவில்லை. நடுக் குழாயிலும் ஒட்டவில்லை, வளைவுகளில் மட்டும் மெல்லப் பிடித்தது. எவர்சில்வரை வளைத்தால் வளைத்த இடத்தில் கொஞ்சம் காந்தம் ஏறும், அது நல்ல அடையாளம் என்றார். அவர் சொன்னது சரி. 304 என்கிற வகை அது, வீட்டுப் பாத்திரத்தின் அடியில் 18/8 என்று அடித்திருக்குமே, அதே உலோகம். வளைவில் குழாய் நசுங்காமல் ஒரே வட்டமாக இருந்தது. வெல்டிங் ஒட்டுகளின் வரிகள் நெருக்கமாக, ஒரே சீராகப் போயின. வால் குழாய்க்குள் டோர்ச் அடித்தால் மறுபக்கம் வரைக்கும் நேரே துளையிட்ட குழாய். நூலைக் குழாயில் ஒரு சுற்றுச் சுற்றி, அடிமட்டத்தில் நீட்டினார். ஒன்பதரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. "மூன்று அங்குலக் குழாய், தம்பி." கருவி கொண்டுவந்தவனை நினைத்துக்கொண்டேன்.

பெட்டியின் பக்கவாட்டில் கருமை படியாத ஒரு நீள்சதுரம் இருந்தது, மூலைகளில் சின்னச் சின்ன ஒட்டுத் தடங்கள். ஒரு தகடு இருந்து பிடுங்கப்பட்டிருக்கிறது. ஜப்பானில் ஸ்போர்ட்ஸ் சைலன்சர் செய்பவர்களின் சங்கம், ஜஸ்மா, தன் அங்கீகாரத் தகட்டை இப்படித்தான் பெட்டியில் பதிப்பிக்கும் என்று நான் சொன்னேன். அதுவாக இருக்கலாம், செய்த கம்பனியின் பெயர்த் தகடாகவும் இருக்கலாம். இருந்த ஒரே சாட்சியைப் பிடுங்கியவன் எந்த ஊரில் இருக்கிறானோ.

பிறகு டர்போவை ஒட்டிய முன் துண்டுக்குப் போனார். காந்தம் டக்கென்று பாய்ந்து ஒட்டியது. சாதா இரும்பு, மேலே வெள்ளிப் பெயின்ற். வளைவின் உட்புறம் சுருங்கி, வாய் ஒடுங்கிக் கிடந்தது. ஒட்டைச் சுற்றிப் பொறி தெறித்த குமிழ்கள். கொன்வேர்ட்டர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் குழாய். பிளாற்றினம், பலேடியம், ரோடியம் என்று அதற்குள் இருப்பதெல்லாம் காசு. வெட்டி எடுத்து விற்றுவிட்டு, வெள்ளிப் பெயின்ற் அடித்து மூடியிருக்கிறார்கள்.

"செய்த கம்பனி எது என்று எனக்குச் சொல்லத் தெரியாது தம்பி. பின் துண்டைச் செய்தவனுக்குக் கை இருந்திருக்கிறது. முன் துண்டைச் செய்தவனுக்கு அவசரம் இருந்திருக்கிறது."

வெட்டுக்கும் அவர் அதையே காரணமாகச் சொன்னார். இடையில் தடுக்கக் கொன்வேர்ட்டர் இல்லை, பின்னால் மூன்று அங்குலம், அழுத்தம் ஏறத்தான் செய்யும். கொன்வேர்ட்டரைத் திரும்பப் போட்டு அழுத்தத்தை அளந்து பார்க்கும் வரைக்கும் காலை அமத்த வேண்டாம், 95 கிடைக்கும் இடத்தில் ராங்கை நிரப்பிக்கொள் என்றார்.

கூலியாக மூவாயிரம் ரூபாய் வாங்கினார், வவுனியாப் பில்லில் பாதிகூட இல்லை. கண்டுபிடித்ததை எழுதித் தாருங்கள் என்று கேட்டேன், ஜெர்மன் பழக்கம். கலண்டர்த் தாள் ஒன்றைக் கிழித்துப் பின்பக்கத்தில் "முன் இரும்பு, பின் சில்வர், 3 அங்குலம்" என்று எழுதி நீட்டினார். திகதி கேட்டேன். முன்பக்கத்தில் இருக்கிறது என்றார்.

மச்சான் விற்றவருக்கு அழைப்பு எடுத்தான். எச்.கே.எஸ். என்று தான் சொன்னது காற்று வடிகட்டியை என்று அவர் சத்தியம் செய்கிறாராம். இப்போது கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் பழைய கொன்வேர்ட்டர் ஒன்று விசாரித்து வைத்திருக்கிறான். உள்ளே பீங்கான் இருக்கிறதா, வெறும் கோதா என்று டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் காசைக் கொடு என்று சொல்லியிருக்கிறேன்.