மன்னார்குடியில் யூரின் டெஸ்ட்டுக்கு நம்பிப் போகலாம் இந்த லேபுக்கு

குறுவை நடவு முடிந்த வாரம் அம்மாவுக்குச் சிறுநீரில் ஒரே வீச்சம். இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினாலும் பாத்ரூமை விட்டுப் போகாது. வயலில் ஒதுங்க இடமில்லை என்று நடவுக்குப் போகும் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார்கள், அம்மாவும் அப்படித்தான், அதனால் வரும் நெடிதான் என்று இரண்டு நாள் மோரும் இளநீருமாகக் கொடுத்துப் பார்த்தோம். நிறம் வெளுத்தது, நாற்றம் அப்படியே இருந்தது. முதலில் போன கிளினிக்கில் எந்த டெஸ்ட்டும் எடுக்காமல் ஐந்து நாள் மாத்திரை எழுதிவிட்டார்கள். அது தீர்ந்த மூன்றாம் நாள் நீர்க்கடுப்பும் சேர்ந்துகொண்டது.

அப்புறம்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் இருக்கும் இந்த லேபுக்கு வந்தோம். அங்கிருந்த பெண் டப்பாவை நீட்டுவதற்கு முன்னால், என்ன மாத்திரை சாப்பிட்டார், எப்போது நிறுத்தினார், சர்க்கரை இருக்கிறதா, சத்து மாத்திரை உண்டா என்று வரிசையாகக் கேட்டார். பி காம்ப்ளக்ஸ் போட்டாலே வாடை மாறுமாம். சர்க்கரைக்காரர்களுக்குக் கீட்டோன் (உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் அமிலம்) ஏறினால் பழ வாடை அடிக்கும், கூடவே வாந்தியோ மூச்சிரைப்போ இருந்தால் டெஸ்ட்டுக்கென்று அலையாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும் என்றார். "பெரியம்மா, நல்லா கழுவிட்டு, முதல்ல வர்றதை விட்டுடுங்க, நடுவுல வர்றதை மட்டும் பிடிங்க, டப்பா உள்பக்கம் விரல் படக் கூடாது" என்று அம்மாவுக்குப் புரிகிற மாதிரி இரண்டு தடவை சொன்னார். இதை இதுவரை யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. வீட்டில் பிடித்து வந்தால் 2 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், வெயிலில் பையில் கிடந்தால் கிருமி பெருகி ரிப்போர்ட்டே தப்பாகிவிடும்.

சாதாரண ரிப்போர்ட் அன்றைக்கே கிடைத்தது: சர்க்கரை இல்லை, கீட்டோன் இல்லை, சீழ் செல் 25-30, நைட்ரைட் பாசிட்டிவ், இந்த இரண்டும் கிருமித் தொற்றுக்கு அடையாளம். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட் மூன்றாம் நாள் வந்தது. ஈ.கோலை கிருமி. எந்த மருந்துக்குக் கட்டுப்படும், எதற்குக் கட்டுப்படாது என்று பட்டியலே இருந்தது, கிளினிக்கில் கொடுத்த மாத்திரை கட்டுப்படாத பக்கம். அந்தத் தாளைப் பார்த்து வேறு டாக்டர் மருந்து மாற்றினார், நான்கே நாளில் வாடையும் கடுப்பும் நின்றது. கல்ச்சருக்கு 500 ரூபாய் ஆனது, முதலிலேயே எடுத்திருந்தால் அம்மாவுக்கு அந்த ஒரு வார அவஸ்தை இருந்திருக்காது.

குறை ஒன்று உண்டு. லேபும் டாய்லெட்டும் மாடியில், படி செங்குத்து. முட்டி வலியோடு அம்மா பாதியில் ஒரு தடவை உட்கார்ந்துதான் ஏறினார். கைப்பிடியாவது போடுங்கள், வருகிறவர்கள் பாதிப் பேர் வயதானவர்கள்.