ஏணியைப் பிடித்துக்கொண்ட நாற்பது நாள்

ஏற்காட்டைத் தாண்டி, ஜீப் மட்டுமே போகும் பாதையில் இருக்கிறது இந்தக் குடிநோய் சிகிச்சை இல்லம். பெயரைப் போட வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். நாங்கள் சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி. இங்கே ஒரு துப்புக் கிடைத்தால் போதும், எந்த ஊர், எந்த வீடு என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

இல்லத்துக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுக்கிறேன்.

இதற்கு முன் அப்பாவைச் சமவெளியில் ஓர் இடத்தில் சேர்த்திருந்தோம். மூன்று மாதம் பூட்டிய கதவு, மொட்டைத் தலை, போன் கிடையாது. வெளியே விட்ட அன்றே பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் குடித்துவிட்டுத்தான் மலையேறினார். இந்த இல்லத்தில் குடிப்பவரைத் தனியாகச் சேர்ப்பதே இல்லை. வீட்டிலிருந்து இரண்டு பேராவது கூடவே தங்க வேண்டும். எட்டுக் குடும்பம், எட்டு அறை, அறைக்கு ஓர் அடுப்பு. அரிசியும் ராகியும் பருப்பும் கொடுத்துவிடுவார்கள்; சமையல் நம் பாடு. நான் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். மஞ்சள் காமாலை என்று முதலாளியிடம் பொய் சொல்லி 40 நாள் லீவு வாங்கினேன்.

மூன்றாம் நாள் இரவைச் சொல்ல வேண்டும். அப்பா மிளகு பறிப்பவர். சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி ஏறினால் கொடி காலியாகும்வரை இறங்க மாட்டார். அன்று படுக்கையில் உட்கார்ந்துகொண்டு, இல்லாத கொடியிலிருந்து சரம் சரமாகப் பறித்து, இல்லாத பையில் போட்டுக்கொண்டிருந்தார். "ஏணியைப் பிடிடா" என்று என்னை அதட்டினார். நான் சிரித்துவிட்டேன். நர்ஸ் அக்கா சிரிக்கவில்லை. நாடி பார்த்தார், ஊசி போட்டார், ஜீப்பைக் கிளப்பச் சொன்னார். பல வருடம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் இந்தப் பிதற்றல் வரலாம், கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம் என்று வண்டியில்தான் விளக்கினார். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் அப்பா மிளகு பறித்துக்கொண்டே வந்தார். சேலம் அரசு மருத்துவமனையில் நான்கு நாள் வைத்திருந்தார்கள். தங்களால் முடியாது என்று தெரிந்ததும் ஒரு நிமிடம்கூடத் தயங்காமல் கீழே இறக்கினார்களே, பாதி மதிப்பெண் அதற்கே போய்விட்டது.

திரும்பி வந்த பிறகு எங்கள் முறை. "அப்பாவுக்கு நீ எவ்வளவு கொடுப்பாய், தம்பி?" என்று ஆலோசகர் கேட்டார். சனிக்கிழமைதோறும் 200 ரூபாய், மூன்று வருடமாக. அம்மாவை அடிக்காமல் இருக்கட்டும் என்றுதான். நோட்டில் பெருக்கிப் பார்த்தார்: 31,200. தொகையைப் படித்துக் காட்டிவிட்டு நோட்டை மூடிக்கொண்டார். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

அம்மா வாய் திறக்க ஒன்பது நாள் ஆனது. சந்தையில் யாரோ விற்ற "குடி மறக்கும் பொடி"யை ஒரு மாதம் ரசத்தில் கலந்து கொடுத்தாராம். நர்ஸ் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். அதில் குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிரம் மருந்து இருந்து, தெரியாமல் அதன் மேல் சாராயமும் குடித்தால் ஆளே போய்விடலாம். அது டாக்டர் பார்த்துக் கொடுத்து, குடிப்பவர் தெரிந்து சம்மதித்து விழுங்க வேண்டிய மாத்திரை. இப்போது அப்பா அம்மாவின் கண் முன்னால் அப்படித்தான் விழுங்குகிறார்.

இங்கே சத்தியம் வாங்குவதில்லை. அப்பா சேர்வராயன் கோயிலில் இரண்டு முறை சத்தியம் செய்து, இரண்டையும் மீறி, அந்தக் கூச்சத்தில் மே மாதத் திருவிழாவுக்கே போகாமல் இருந்தவர். எனக்கு இது சரியாகப் படுகிறது, பெரியப்பாவுக்குப் படவில்லை.

ஒரு சாயங்காலம் கனடாவில் அல்கலி லேக் என்ற பழங்குடி ஊரின் கதையைச் சொன்னார்கள். ஊரே குடியில் கிடந்தபோது, 1972-இல் ஃபிலிஸ் செல்சி என்ற பெண் முதலில் குடியை விட்டார், பிறகு அவருடைய கணவர், பிறகு ஒவ்வொரு வீடாக. எல்லோரும் நெகிழ்ந்து உட்கார்ந்திருக்க, "அங்கே பெண்களுமா குடித்தார்கள்?" என்று அம்மா கேட்டார். அந்த நாற்பது நாளில் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

குறைத்த ஒரு மதிப்பெண் எதற்கு? சேர்க்கை டிசம்பரில், காப்பிப் பழம் பறிக்கும் நேரத்தில். மலை தெரியாத யாரோ போட்ட தேதி. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அந்தப் பருவத்துக் கூலி போயிற்று. கம்பளியும் மெல்லிசு, உங்களுடையதைக் கொண்டுபோங்கள். வீட்டுக்கு வந்த பிறகு மாதம் ஒருமுறை வேன் அனுப்புவோம் என்றார்கள். மூன்று மாதம் வந்தது, நின்றுவிட்டது.

பத்து மாதம் ஆகிறது. நடுவில் மாத்திரையை ஒரு வாரம் நிறுத்திவிட்டு, சித்தப்பா வீட்டுச் சாவில் ஒரு நாள் குடித்தார். மறுநாள் அவரே எனக்குப் போன் செய்து சொன்னார். இரண்டாம் ஞாயிறுகளில் தனியாகப் பஸ் ஏறி, திருப்பத்தில் இறங்கி நடந்து, இல்லத்துக் கூட்டத்தில் உட்கார்ந்துவிட்டு வருகிறார். வந்து சட்டையைக் கழற்றியதும் அம்மா பையிலிருந்து டிக்கெட்டை எடுத்துத் தேதியைப் பார்க்கிறார். அப்படிச் சோதிக்கக் கூடாது என்று அங்கே சொல்லித்தான் அனுப்பினார்கள். அப்பாவுக்கும் தெரியும். டிக்கெட்டைக் கசக்காமல் வைத்திருக்கிறார்.