ஜியோஜீப்ரா: புதுக் கணக்கு ஆசிரியருக்குக் கிடைத்த துணை

வேலையில் சேர்ந்த முதல் வாரமே ஐந்து ஆசிரியர் குழுக்களில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். காலை வணக்கப் படங்கள் தவறாமல் வந்தன. பரவளையத்தை, அதாவது கிண்ணம் போன்ற அந்த வளைவை, வகுப்பில் எப்படி ஆரம்பிக்கலாம் என்று கேட்டேன், பதிலே இல்லை.

அப்புறம்தான் ஜியோஜீப்ரா. மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் 2001இல் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் உருவாக்கத் தொடங்கிய கணித மென்பொருள். வகுப்பறைக்கு இலவசம். வரைபடம் போடத்தான் திறந்தேன். உள்ளே பல நாட்டு ஆசிரியர்கள் செய்துவைத்த பாடங்கள் குவிந்து கிடந்தன.

ஒன்றை நகலெடுத்து, கேள்விகளைத் தமிழில் மாற்றி வகுப்பில் காட்டினேன். y = ax². a-இன் மதிப்பை மாற்றும் நழுவியை (ஸ்லைடர்) மெதுவாக இடதுபக்கம் இழுக்க இழுக்க, கிண்ணம் விரிந்துகொண்டே போனது. a பூஜ்ஜியம் ஆனதும் வெறும் கோடு. "வளைவு எங்கே போச்சு?" என்று கடைசி பெஞ்சில் ஒரு பையன் எழுந்தே நின்றுவிட்டான். இன்னும் கொஞ்சம் இழுத்தேன், கிண்ணம் கவிழ்ந்தது. அன்றைக்கு நான் விளக்கியதைவிட அவர்கள் பேசியதுதான் அதிகம்.

யார் வேண்டுமானாலும் பதிவேற்றலாம் என்பதால் தரம் ஏறியிறங்கும். வகுப்புக்கு முன் ஒருமுறை முழுக்க ஓட்டிப் பாருங்கள். நான் செய்வது இதுதான்: ஒரு பாடம் பிடித்திருந்தால், அதைச் செய்தவரின் மற்ற பாடங்களையும் திறந்து பார்ப்பேன். அப்படி நாலைந்து பேரைக் கண்டுபிடித்துவிட்டேன். அவர்கள் எதை முதலில் கேட்கிறார்கள், எதை மறைத்துவைக்கிறார்கள் என்று பார்த்தே பாதி கற்றுக்கொண்டேன். நேரில் பார்த்ததில்லை, ஆனாலும் எனக்கு அவர்கள் மூத்த ஆசிரியர்கள்தான்.

பக்கத்து வகுப்பு அக்காவுக்கும் என் நகலை அனுப்பினேன். மறுநாள் இரண்டு கேள்விகளைத் திருத்தித் திருப்பி அனுப்பியிருந்தார்.