சேன்-ஆந்த்ரேயில் ஒரு டாசியா ஸ்பிரிங்: பதினெட்டு மாதம், 27,000 கிலோமீட்டர்

டாசியா ஸ்பிரிங் ஒரு சிறிய மின்சாரக் கார். இதை வாங்க நினைப்பவர்கள் காரைப் பார்க்கப் போவதற்கு முன் தங்கள் வீட்டுச் சுவரைப் பார்க்க வேண்டும். கார் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் நல்ல மின் இணைப்பு இருக்கிறதா? இல்லையென்றால், போட முடியுமா? அடுக்குமாடியில் இருந்துகொண்டு தெருவில் காரை நிறுத்துகிறவர்களுக்கு ஸ்பிரிங்கைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. சொந்த முற்றம் உள்ளவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன்.

எங்கள் வீடு இந்தியப் பெருங்கடலில் பிரான்ஸுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவில், சேன்-ஆந்த்ரே நகரின் காம்புஸ்தோன் பகுதியில் இருக்கிறது. கணவரின் தாத்தா கட்டிய மரவீடு, தகரக் கூரை. 2024 ஜூலையில் 9,200 யூரோ கொடுத்து, 14,000 கிலோமீட்டர் ஓடிய 2022 மாடல் ஒன்றை வாங்கினேன். 45 குதிரைத்திறன் உள்ள வகை. வீட்டுப் பழைய வயரிங்கைப் பார்த்த மின்பணியாளர், சாதாரண பிளக்கில் இரவெல்லாம் செருகி வைக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மீட்டர் பெட்டியிலிருந்து தனி லைன் இழுத்து, கனமான பிளக் ஒன்றை வராந்தாச் சுவரில் பதித்தார். அதில் 3.7 கிலோவாட் வருகிறது. காலியான பேட்டரி நிரம்ப எட்டரை மணி நேரம். சாதாரண பிளக்கில் பதினான்கு மணி நேரம் ஆகும். அந்த லைனுக்குச் செலவழித்த பணம்தான் இந்தக் கார் விஷயத்தில் நான் செய்த மிக நல்ல செலவு.

நான் தீவின் தலைநகரான சேன்-தெனியில் ஒரு பள்ளி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். போக 28, வர 28. காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினால் சேன்த்-சுசான் வரை சாலை காலியாக இருக்கும். சேன்த்-மரி வந்ததும் நெரிசல் பிடித்துக்கொள்ளும். விமான நிலையத்தைத் தாண்டுவதற்குள் சில நாட்களில் அரை மணி நேரம் ஊர்ந்திருக்கிறேன். இப்படி ஊர்ந்து போகும்போதுதான் ஸ்பிரிங்கின் குணம் தெரிகிறது. கிளச் இல்லை, கியர் இல்லை, இன்ஜின் அதிர்வு இல்லை. காலை லேசாக வைத்தால் நகர்கிறது, எடுத்தால் தளர்கிறது. பழைய பெட்ரோல் காரில் இதே தூரம் போய்வந்து இடது முழங்கால் வலியோடு வீடு திரும்பிய காலம் உண்டு. அந்த வலி இப்போது இல்லை. எனக்கு இது சிறிய விஷயமல்ல.

பேட்டரியில் பயன்படுவது 26.8 கிலோவாட் மணி. ஒரு முறை நிரப்பினால் 230 கிலோமீட்டர், நகரத்துக்குள் மட்டும் ஓட்டினால் 305 என்பது அதிகாரபூர்வக் கணக்கு. என் வழியில், 90-க்கு மேல் போகாமல், ஏ.சி. போட்டு ஓட்டினால் 175 முதல் 185 வரை கிடைக்கிறது. 110 அனுமதியுள்ள இடங்களில் 110-ஐப் பிடித்துக்கொண்டு போனால் 150-க்கு இறங்கிவிடும். நான் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் சார்ஜ் போடுகிறேன். மாதம் ஏறக்குறைய 1,500 கிலோமீட்டருக்கு மின்கட்டணத்தில் 50 யூரோ கூடுகிறது. பழைய காருக்கு இதே ஓட்டத்துக்குப் பெட்ரோல் 150 யூரோவைத் தாண்டும். இங்கே பெட்ரோல் விலையை மாதந்தோறும் அரசே நிர்ணயிப்பதால் தீவு முழுவதும் ஒரே விலை. மலிவான பங்க் தேடிப் போக வழியில்லை.

முதல் நாள் கதவைச் சாத்தியபோது எழுந்த ஓசை எனக்குப் பழக்கமானதாக இருந்தது. புதுச்சேரியில் என் தம்பி வைத்திருக்கும் க்விட் காரின் கதவும் அப்படித்தான் சாத்தும். வீடியோவில் காட்டியவுடனே, "அக்கா, இது நம் வண்டிதானே?" என்றான். அவன் சொன்னது சரி. ஊரில் நாம் ரெனால்ட் என்றும் இங்கே ரெனோ என்றும் சொல்லும் நிறுவனம் 2015-இல் க்விட்டை அறிமுகப்படுத்தி, சென்னைக்கு அருகே ஒரகடத்தில் தயாரித்தது. அதன் மின்சார வடிவம் 2019-இல் சீனாவில் வந்தது. அதைத்தான் டாசியா பெயரில் ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். என் கார் கட்டப்பட்டது சீனாவின் ஷியென் (Shiyan) நகரில். ஆனால் அதன் உடல்வாகு ஒரகடத்துக்காரியுடையது. நம் ஊர் பள்ளம் மேடுகளுக்காக உயர்த்தி வைத்த உடம்பு, இங்கே மழைக்காலத்தில் கரும்புத் தோட்டச் சாலைகளில் தேங்கும் தண்ணீரில் நன்றாகவே உதவுகிறது.

இனிச் சொல்வதை மறைத்துவிட்டு மதிப்புரை எழுத முடியாது. 2021-இல் கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப்பின் மோதல் சோதனையில் ஸ்பிரிங் வாங்கியது ஐந்துக்கு ஒரே ஒரு நட்சத்திரம். பெரியவர்களின் பாதுகாப்புக்கு 49 சதவீதம். ஆறு காற்றுப்பைகள் இருக்கின்றன, தானாகப் பிரேக் பிடிக்கும் வசதியும் இருக்கிறது. ஆனாலும் கூடு லேசானது, மொத்த எடையே ஒரு டன்னுக்குள். வாங்குவதற்கு முன் அந்தச் சோதனையின் காணொளியை மூன்று முறை பார்த்தேன். பிறகு எனக்கென்று சில விதிகள் வைத்துக்கொண்டேன். 90-க்கு மேல் போவதில்லை. இரவில், மழையில் விரைவுச்சாலையில் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போவதில்லை. மேற்கே தமரின் சாலை வழியாகத் தூரம் போக வேண்டுமென்றால் கணவரின் பெரிய காரை எடுத்துக்கொள்கிறோம். வீட்டில் இருப்பது ஒரே கார், அதில் எல்லாத் தூரமும் குடும்பத்தோடு போக வேண்டும் என்பவர்கள் இதை வாங்க வேண்டாம்.

மலையில் ஏறுமா என்பதுதான் எல்லோரும் என்னிடம் கேட்கும் கேள்வி. கேட்பதில் நியாயம் இருக்கிறது. இந்தத் தீவில் சமதளம் என்பது கடலோர ஓரம் மட்டும்தான். சென்ற ஆகஸ்டில் அத்தையை, அதாவது என் மாமியாரை, அழைத்துக்கொண்டு மலைமேல் இருக்கும் பூர்-முரா ஊருக்குப் போனேன். சேன்-பெனுவா வரை கடலோரம், அங்கிருந்து பிளேன்-தே-பால்மிஸ்த், அதற்கு மேல் பெரிய ஏற்றம் என்றே பெயர் பெற்ற வளைவுகள். உச்சியில் பெல்வூ கணவாய் 1,600 மீட்டருக்குச் சற்று மேல். சிக்கன ஓட்டத்துக்கான 'ஈகோ' பொத்தானை மலையில் அணைத்துவிட வேண்டும். அது மோட்டாரின் பலத்தை 33 கிலோவாட்டிலிருந்து 23-க்குக் குறைத்துவிடும். அணைத்த பிறகு இரண்டாவது யோசனையே இல்லாமல் ஏறியது. நின்ற நிலையிலிருந்து 100-ஐத் தொட 19 விநாடி எடுக்கும் கார்தான் இது. ஆனாலும் 50-இல் வளைந்து வளைந்து ஏறும்போது மின்மோட்டார் மூச்சு வாங்குவதில்லை. உயரத்தில் காற்று மெலிந்தாலும் அதற்குக் கவலையில்லை.

கிளம்பும்போது 100 சதவீதம், மேலே போய் நின்றபோது 55. பதறத் தேவையில்லை என்று எனக்குக் கணக்குத் தெரிந்திருந்தது. ஆட்களோடு சேர்த்து 1,150 கிலோ எடையை 1,600 மீட்டர் தூக்க ஐந்து கிலோவாட் மணி போதும். மீதி எல்லாம் சாதாரண ஓட்டச் செலவு. இறங்கும்போது அந்த ஐந்து கிலோவாட் மணியில் ஒரு பகுதியைக் கார் திருப்பித் தருகிறது. வீடு வந்தபோது 46. ஐம்பது கிலோமீட்டருக்கு ஒன்பதே சதவீதம்! ஆனால் இறக்கத்தில் கவனம் வேண்டும். என் மாடலில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் கார் மெதுவாகத்தான் தளரும். அதிகமாக இழுத்துப் பிடிக்கும் தனி நிலை 2024-இல் வந்த புதிய வடிவத்தில்தான் இருக்கிறது. ஆகவே செங்குத்தான இடங்களில் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்க வேண்டும். அழுத்திக்கொண்டே வந்தால் பிரேக் சூடாகிவிடும். மலையடிவாரத்தில் வசிப்பவர்கள் சற்றுக் கூடுதல் பணம் கொடுத்தாவது புதிய வடிவத்தைத் தேடுவது நல்லது.

அத்தைக்கு இந்தக் காரை மிகவும் பிடிக்கும். 'தி லோட்டோ' என்று தீவின் பேச்சுமொழியான கிரியோலில் செல்லமாகக் கூப்பிடுகிறார். சின்னக் கார் என்று பொருள். இருக்கை உயரமாக இருப்பதால் குனியாமல் உட்கார முடிகிறது. எனக்கோ இருக்கையின் உயரத்தை மாற்ற வழியில்லை, ஸ்டீயரிங்கும் ஏறாது இறங்காது. என் உயரத்துக்கு ஒத்துப்போனது அதிர்ஷ்டம். ஆறடி ஆள்கள் வாங்கும் முன் ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பார்க்கட்டும். இருக்கைகள் நான்கே. டிக்கி 290 லிட்டர். சென்ற தைப்பூசத்துக்கு மூன்று பித்தளைக் குடம், ஒரு சாக்குத் தேங்காய், பூ, வாழையிலைக் கட்டு எல்லாம் அதில் அடங்கின. மயிலிறகு வைத்துக் கட்டிய காவடியைத்தான் பின்னிருக்கையை மடக்கி வைத்தும் ஏற்ற முடியவில்லை. அது பக்கத்து வீட்டாரின் வேனில் ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தது.

வெளியில் சார்ஜ் போட்ட அனுபவம் எனக்கு நல்லதாக அமையவில்லை. ஒரு கடைத்தொகுதியின் நிறுத்துமிடத்தில் மூன்று சார்ஜர்கள். ஒன்றில் திரை அணைந்திருந்தது, இன்னொன்றின் முன் பெட்ரோல் கார் நின்றது, மூன்றாவது என் அட்டையை ஏற்கவில்லை. 18 சதவீதத்தோடு ஏ.சி.யை அணைத்துவிட்டு வீடு வந்தேன். வேகமான மின்சாரத்தை வாங்கும் துளை இந்தக் காரில் கூடுதல் காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒன்று. பழைய கார் வாங்குகிறவர்கள் முன்பக்கச் சின்னத்துக்குப் பின்னாலிருக்கும் மூடியைத் திறந்து அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். என்னுடையதில் இல்லை, தினசரி ஓட்டத்துக்குத் தேவைப்பட்டதும் இல்லை.

2025 பிப்ரவரி 28 அன்று காரான்ஸ் புயல் எங்கள் வடகிழக்குக் கரையை அடித்தது. எச்சரிக்கை வந்ததுமே காரை 100 வரை நிரப்பி, மதில் ஓரமாக நிறுத்திவிட்டேன். எங்கள் தெருவில் நான்கு நாள் மின்சாரம் இல்லை. பெட்ரோல் பங்குகளில் நீண்ட வரிசை. நான் அத்தையின் மருந்துக்கும் தண்ணீர் வாங்கவும் போய்வந்தேன். மாலையில் அக்கம்பக்கத்தார் தங்கள் கைபேசிகளைக் கொண்டுவந்து காரில் சார்ஜ் செய்துகொண்டார்கள். ஐந்தாம் நாள் மின்சாரம் வந்தபோது பேட்டரியில் 61 சதவீதம் மீதி இருந்தது. மின்சாரக் கார் வைத்திருப்பவர் புயலில் மாட்டிக்கொள்வார் என்று என்னை எச்சரித்தவர்களுக்கு இந்த எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை முதல் டிசம்பர் வரை எங்கள் வராந்தாவில் வெல்லம் காய்ச்சும் வாசனை இருக்கும். தீவில் எஞ்சியிருக்கும் இரண்டு சர்க்கரை ஆலைகளில் ஒன்றான புவா-ரூஜ் எங்களுக்குப் பக்கம். அதை ஒட்டிய மின்நிலையம் 1992 முதல் அறுவடைக் காலத்தில் கரும்புச் சக்கையை எரித்து மின்சாரம் எடுக்கிறது. மற்ற மாதங்களில் நிலக்கரி எரித்தார்கள். இப்போது அதற்குப் பதில் மரத்தூள் கட்டிகள் வருகின்றன. அவை கப்பலில் வருவது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. ஆனால் சக்கை இந்த மண்ணுடையது. கணவரின் தாத்தா கரும்பு வெட்டி அந்த ஆலைக்கு வண்டியேற்றியவர். அறுவடைக் காலத்து இரவுகளில் பிளக்கைச் செருகும்போது, ஆலைப் புகையைக் காட்டி அத்தை ஒவ்வொரு முறையும் அதைச் சொல்வார்.

என் கார் இப்போது 41,000-இல் இருக்கிறது. பேட்டரிக்கு எட்டு ஆண்டு அல்லது 1,20,000 கிலோமீட்டர் உத்தரவாதம் என்பதால் 2030 வரை கவலையில்லை. முன் டயர்கள் இரண்டும் தேய்ந்துவிட்டன. 165/70, பதினான்கு அங்குலம். சிறிய அளவு என்பதால் விலையும் குறைவு. அடுத்த சனிக்கிழமை, பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு முடிந்ததும் மாற்றப் போகிறேன்.