"மதர்போர்டு போச்சு"ன்னு சொல்லி 14,500 ரூபாய் வாங்கிட்டாங்க: கம்ப்யூட்டரைச் சர்வீசுக்குக் கொடுக்கிறவங்க படிச்சுட்டுக் கொடுங்க

திருப்பூர், அவிநாசி, பல்லடம் பக்கம் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்து வேலை பார்க்கிறவர்களுக்காக அவசரமாக எழுதுகிறேன். கடைப் பெயரைப் போடவில்லை. பார்ட்ஸ் விற்று, சர்வீசும் பண்ணுகிற கடை. அவ்வளவு போதும். அப்படிப்பட்ட கடைக்குப் போகும்போது என்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

நான் எம்ப்ராய்டரி யூனிட்டுகளுக்கு டிசைன் பஞ்சிங் பண்ணிக் கொடுக்கிறேன், அதாவது டிசைனை மெஷின் தைக்கிற மாதிரி ஃபைலாக மாற்றும் வேலை. பனியன் கம்பெனி லோகோ, குழந்தைகள் டிரெஸ்ஸுக்குப் பூ, இப்படி. அந்த டி.எஸ்.டி. ஃபைல் நேரத்துக்குப் போகவில்லை என்றால் அங்கே மெஷின் சும்மா நிற்கும், சனிக்கிழமை சம்பளத்தில் அடி விழும். அதனால்தான் வேகமாக ஓடட்டும் என்று இன்னொரு 8 ஜிபி ராமும், ஹாலில் இருக்கிற ரூட்டரோடு சேர ஒரு வைஃபை கார்டும் அந்தக் கடையிலேயே போட்டேன். கார்டை இயக்கும் சாஃப்ட்வேரான டிரைவரை அவர்களே பென்டிரைவில் இருந்து ஏற்றினார்கள். கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங் இருக்கும் பயாசுக்குள் போய், "ராம் ஸ்பீடையும் ஏத்தி விட்டுட்டனுங்க்கா, இனிப் பறக்கும்" என்றும் சொன்னார்கள்.

அன்றைக்கு ராத்திரியே கம்ப்யூட்டர் உறைந்தது. மவுஸ் நகரவில்லை, மூலையில் மணி நின்றுவிட்டது, கேப்ஸ் லாக் அழுத்தினால் விளக்குகூட எரியவில்லை. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதைத் தவிர வழியில்லை. சேவ் பண்ணாத பஞ்சிங் எல்லாம் போச்சு. அதற்கப்புறம் தினமும் இதே கதை.

திரும்பக் கொண்டு போனேன். கடைக்காரர் உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னதும், "எங்க மாமன் ஊடு சேவூர் தானுங்க்கா, நம்ம ஊருக்காரங்களுக்கு ஏமாத்துவமுங்களா?" என்றார். அப்புறம் விண்டோஸ் நடந்ததையெல்லாம் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து ஸ்கிரீனை என் பக்கம் திருப்பினார். சிவப்பாக "கெர்னல்-பவர் 41, கிரிட்டிக்கல்" என்று வரிசையாக நின்றது. "பாத்தீங்களா, போர்டு சாகுதுங்க்கா. இனிமேல் ராம், ஹார்டு டிஸ்க் எல்லாத்தையும் சேத்து எடுத்துரும்." போர்டு என்றால் மதர்போர்டு, ராம், கார்டு எல்லாம் மாட்டியிருக்கும் முக்கியப் பலகை. டேட்டா போய்விடும் என்ற பயத்தில் அங்கேயே ஜிபே பண்ணினேன். புது போர்டு, லேபர் எல்லாம் சேர்த்து 14,500 ரூபாய்.

அந்த 41 என்றால் என்ன என்று இப்போது தெரியும். கம்ப்யூட்டர் முறையாக ஷட்டவுன் ஆகாமல் திரும்பக் கிளம்பியது என்று மட்டும்தான் அர்த்தம். உறைந்ததால் நான் பவர் பட்டனை அழுத்தினேன், அது பதிவாகியிருக்கிறது. போர்டு சாகிறது என்று அதில் எங்கேயும் இல்லை. சர்வீஸ் பண்ணுகிறவருக்கு இது தெரியாமல் இருக்குமா?

போர்டு மாற்றிக் கொண்டுவந்தும் உறைந்தது. அதற்கப்புறம் நடந்ததுதான் வயிற்றெரிச்சல். முதலில் "உங்க ஊட்டு கரண்ட் சரியில்லீங்க, யூபிஎஸ் வாங்கோணும்" என்றார்கள். அடுத்து வைரஸ். அடுத்து விண்டோஸ். போன் பண்ணினால் "பையன் லைனுக்குப் போயிருக்கானுங்க, வந்ததும் கூப்பிடறேன்". வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. நேரில் போய், சரி, கழற்றின பழைய போர்டையாவது கொடுங்கள் என்றேன். "அது ஸ்கிராப்புக்குப் போயிருச்சுங்க்கா." என் பொருள், 14,500 ரூபாய் கொடுத்திருக்கிறேன், என்னைக் கேட்காமல் ஸ்கிராப்புக்கு எப்படிப் போகும்?

கொழுந்தனார் பையன் கோயமுத்தூரில் ஐடி வேலையில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வந்தவன் முதலில் சேஃப் மோடில், அதாவது அத்தியாவசியமான டிரைவர்களோடு மட்டும், ஓட்டிப் பார்த்தான். உறையவில்லை. சேஃப் மோடில் வைஃபை டிரைவர் ஏறாது, அதனால் அதன்மேல் சந்தேகம் வந்தது. சாதாரணமாகத் திறந்து டிவைஸ் மேனேஜரில் வைஃபையை டிஸேபிள் செய்தான். உறைவது குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. "பெரியம்மா, இதுல ரெண்டு பிரச்சனை கலந்து கிடக்குது" என்று ராமைக் கழற்றி லேபிளைப் பார்த்தான். வேகம் பழையதில் 2666, புதியதில் 3200. கடைக்காரர்கள் பயாசில் ராம் வேகத்தை ஏற்றும் எக்ஸ்.எம்.பி. செட்டிங்கை ஆன் செய்து இரண்டையும் 3200-ல் ஓட விட்டிருக்கிறார்கள். புது போர்டிலும் அதையே செய்திருக்கிறார்கள். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐப் பென்டிரைவில் போட்டு ஓட விட்டால் சிவப்பு சிவப்பாகப் பிழை. எக்ஸ்.எம்.பி.யை ஆஃப் செய்ததும் இரண்டும் 2666-க்கு இறங்கின. ராத்திரி முழுக்க ஓட்டியும் ஒரு பிழைகூட இல்லை. பென்டிரைவ் டிரைவரை நீக்கிவிட்டு, கார்டில் இருக்கும் சிப்பைச் செய்த கம்பெனியின் சைட்டில் இருந்தே டிரைவரை இறக்கினான். பவர் மேனேஜ்மென்டில், கரண்ட் மிச்சம் பிடிக்க கார்டை அணைக்கலாம் என்ற டிக்கையும் எடுத்தான். அன்றிலிருந்து ஒரு தடவைகூட உறையவில்லை.

ஒரு ரூபாய் செலவில்லாத வேலை. அவர்களே போட்ட டிரைவர், அவர்களே மாற்றின செட்டிங், அதற்கு என்னிடமே 14,500 ரூபாய்! கார்டைக் கழற்றி வைத்துப் பார்த்திருந்தால் பாதி தெரிந்திருக்கும். இதைச் சொல்லிப் பணம் கேட்டதற்கு, "போர்டு புதுசு தானுங்களே, உங்களுக்கு நட்டம் ஒன்னுமில்லீங்களே" என்று பதில் வருகிறது. நல்லா இருந்த போர்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு பேசுகிற பேச்சா இது?

வரிசையாக நிறைய எழுத நினைத்தேன், யூனிட்டில் இருந்து போன் வந்துகொண்டே இருக்கிறது. அவசரத்துக்கு இவ்வளவுதான். புதிதாக எதையாவது மாட்டினதற்கப்புறம் உறைந்தால், முதலில் அதைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வேகம் வேறுபட்ட ராம் இரண்டு இருந்தால் எக்ஸ்.எம்.பி.யைத் தொட விடாதீர்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போனால் என்ன ஸ்பீடில் ஓடுகிறது என்று தெரியும். 41-ஐக் காட்டிப் போர்டு என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஜிஎஸ்டி பில்லும், கழற்றின பழைய பார்ட்டும் கைக்கு வராமல் பணம் அனுப்பாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, புகாரை 2 வருடத்துக்குள் போட வேண்டும். நான் 1915-ல் பதியப் போகிறேன். இதே மாதிரி போர்டு மாற்றச் சொல்லி யாரிடமாவது பணம் வாங்கியிருந்தால் பில்லோடு எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே கொடுக்கலாம்.