பவானியில் எங்கள் கேபிள்காரரின் ஃபைபர் நெட்: 14 மாத அனுபவம்

பவானியில் எங்களுக்கு ஜமுக்காளத் தறி இருக்கிறது. மூன்று வருடமாக ஒரு சின்ன வெப்சைட் வைத்து நானே விற்கிறேன். வாங்குபவர்களில் பாதிப்பேர் வாட்ஸ்அப் வீடியோ காலில் பட்டைகளின் நிறத்தைப் பார்த்த பிறகுதான் பணம் போடுவார்கள். சிவப்பு கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தாலும் ஆர்டர் போய்விடும். தறிக்கு அடுத்தபடி எனக்கு நெட்தான்.

தெருக் கேபிள்காரத் தம்பியிடம் 50 எம்பி பிளான், வரியோடு மாதம் 590 ரூபாய். பகலில் 45-க்குக் குறைவதில்லை. ராத்திரி எட்டு மணிக்கு மேல் 30-க்கு இறங்கும். கரண்ட் போனால் அவருடைய பேட்டரி இரண்டு மணி நேரம்தான் தாங்கும். ஐப்பசி மழையில் காவிரிக் கரைப் பக்கம் வேப்பமரம் சாய்ந்து ஒயர் அறுந்ததில் ஒன்றரை நாள் நெட் இல்லை. ஆனால் போனை எடுத்தார், நேரில் வந்தார், பில்லில் இரண்டு நாளைக் கழித்துக்கொண்டார்.

இணைப்பு வாங்கும்போது நான் முதலில் கேட்டது இதைத்தான்: "வீடியோ காலுக்குத் தனி ரேட், சைட்டுக்கு ஒரு வேகம்னு ஏதாச்சும் இருக்கா தம்பி?"

"அதெல்லாம் இல்லீங்க்கா, எந்த சைட்டா இருந்தாலும் ஒண்ணுதானுங்க."

நான் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. 2014 டிசம்பரில் நெட் வழியாகப் பேசுவதற்குத் தனிக் கட்டணம் என்று ஏர்டெல் அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பவும் சில நாளிலேயே நிறுத்திவைத்தது. அடுத்த வருடம் டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) இதைப் பற்றிக் கருத்துக் கேட்டபோது பத்து லட்சத்துக்கும் மேல் மெயில் போனது. ஈரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து நானும் ஒன்று அனுப்பினேன். அந்தச் சூட்டில், கம்பெனி பணம் கட்டினால் அதன் ஆப் மட்டும் டேட்டா செலவில்லாமல் திறக்கும் ஏர்டெல் ஜீரோ திட்டத்திலிருந்து ஃபிளிப்கார்ட் விலகியது. 2016 பிப்ரவரி 8-ஆம் தேதி டிராய் விதியே போட்டுவிட்டது: சைட்டுக்குச் சைட் கட்டணத்தை மாற்றினால் நாளுக்கு 50,000 ரூபாய் அபராதம், 50 லட்சம் வரை. சில சைட்டுகளை மட்டும் இலவசமாகக் காட்டிய ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் அதோடு இங்கே முடிந்தது. பெரிய கடைகளின் ஆப் மட்டும் டேட்டா செலவில்லாமல் திறந்திருந்தால், என் வெப்சைட் பக்கம் யாரும் வந்திருக்க மாட்டார்கள். அமெரிக்காவில் 2017 டிசம்பரில் அங்குள்ள தொலைத்தொடர்பு ஆணையம் 3-2 ஓட்டில் இதே மாதிரிப் பாதுகாப்பை எடுத்தபோது எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

போன மாதம் ஒரு பெரிய கம்பெனி ஏஜென்ட் வந்தார். குறைந்த விலை, கூடவே சினிமா ஆப்கள். அதே கேள்வியைக் கேட்டேன். பதில் சொல்லத் தெரியவில்லை. தம்பியிடமே இருந்துவிட்டேன். வரும் ஐப்பசிக்குள் பேட்டரியை மட்டும் பெரிதாக மாற்றிவிட்டால் ஆறு மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டிவிடுகிறேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.