ஆறு வருஷமாக ஒரு லேசருக்குக் காவல்

இங்கே சிங்கப்பூரில் எங்களோடு முனைவர் பட்டம் முடித்துவிட்டுச் சென்னையில் புதிதாக ஆய்வுக்கூடம் தொடங்கியிருக்கும் தம்பி ஒருவன் போன வாரம் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தான். "அண்ணே, நீங்க வச்சிருக்கிற அதே டைட்டானியம் சஃபையர் லேசர், பழசு ஒண்ணு நல்ல விலைக்கு வருது, வாங்கலாமா?" ஒற்றை வரிக் கேள்விதான், ஆனால் மூன்று குரல் பதிவு அனுப்பியும் எனக்குச் சொல்லி முடியவில்லை. அதனால் எழுதியே விடுகிறேன். அவன் கேட்ட நேரம் சரியில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். லேசருக்குச் சக்தி ஊட்டும் பம்ப் லேசரின் டயோடு போய், ஏழு வாரம் படுத்துக் கிடந்து, இப்போதுதான் லேசர் எழுந்து உட்கார்ந்திருக்கிறது. என் வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

இரட்டை ஃபோட்டான் நுண்ணோக்கிக்கு ஏன் இந்த லேசர் என்று நீட்டி விளக்கப் போவதில்லை. இரண்டு ஃபோட்டான்கள் ஒரே நேரத்தில் தாக்கித் திசுவின் ஆழத்தை ஒளிர வைக்க, மிகக் குறுகிய, வலுவான துடிப்புகள் வேண்டும், அவ்வளவுதான். அலைநீளத்தை 690இலிருந்து 1040 நானோமீட்டர் வரை திருப்பிக்கொள்ளலாம், துடிப்பு ஒன்றுக்கு 140 ஃபெம்டோ வினாடி, வினாடிக்கு 8 கோடித் துடிப்புகள். இதெல்லாம் விற்பனைத் தாளில் இருப்பது, பெரும்பாலும் உண்மையும்கூட. ஆறு வருஷத்தில் ஒளியின் தரத்தைப் பற்றி ஒரு குறையும் சொன்னதில்லை. என் சண்டையெல்லாம் காற்றோடுதான்.

காற்றில் இருக்கும் நீராவி சுமார் 930இலிருந்து 970 நானோமீட்டர் வரை ஒளியைக் கடித்துத் தின்னும். லேசர் பெட்டிக்குள் ஒளி இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே திரும்பத் திரும்ப ஓடுவதால், ஒரு ஓட்டத்துக்கு ஏற்படும் துளி இழப்புகூட, ஒளியைத் துடிப்புகளாகச் சேர்த்து வைக்கும் மோட்-லாக்கைக் கவிழ்த்துவிடப் போதும். அதனால்தான் பெட்டிக்குள் உலர்ந்த காற்றையோ நைட்ரஜனையோ ஓட்டிக்கொண்டே இருக்கச் சொல்கிறார்கள். சரி, அந்த அலைநீளத்தைத் தொடாமல் இருந்துவிடலாமே என்றால், பச்சை ஒளிர் புரதத்தை இரட்டை ஃபோட்டானால் தூண்ட எல்லாரும் போய் நிற்கும் இடம் 920. மூளையில் நரம்பணு மின்னுவதைப் பார்க்கும் கால்சியம் உணரிகளுக்கு 920, 940. 2008இல் வேதியியல் நோபல் வாங்கிக்கொடுத்த அந்தப் புரதம், இத்தனை அலைநீளம் காலியாகக் கிடக்க, சரியாக நீராவியின் வாசற்படியில் போய் உட்கார்ந்திருக்கிறது. உலர்ந்த ஊரில் இருப்பவர்களுக்கு இது ஒரு அடிக்குறிப்பு. விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும் சிங்கப்பூரில் என் வேலை நேரத்தில் பாதி இதற்கே போகிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தீபாவளிக்கு முந்தின இரவு நடந்ததைச் சொல்கிறேன். வீட்டில் அம்மா முறுக்கை டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தார், நமுத்துப் போகாமல் இருக்க மருந்துக் குப்பியிலிருந்து எடுத்து வைத்த சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றையும் உள்ளே போட்டார். அப்போது கைப்பேசி அடித்தது. எங்கள் கூடத்துச் சீன மாணவி, குரலில் பதற்றம். எலிக்கு மயக்க மருந்து கொடுத்துத் தலையைப் பொருத்தி 940இல் படம் எடுத்துக்கொண்டிருந்தாளாம், படம் மங்கிக்கொண்டே போய் அப்படியே இருட்டிவிட்டதாம். மயக்கம் எவ்வளவு நேரம் தாங்கும், எலி காத்திருக்குமா? சிங்கப்பூரின் குட்டி இந்தியாவான தேக்கா பக்கம் அன்றைக்குப் பார்த்து ஒரு டாக்சி கிடைக்கவில்லை. எப்படியோ போய்ச் சேர்ந்தேன்.

நிறமாலைத் திரையைப் பார்த்தேன். நல்ல நாளில் அது வழவழப்பான சின்னக் குன்று போல இருக்கும். அன்றைக்குப் பல் விழுந்த சீப்பு மாதிரி அங்கங்கே கடித்து வைத்திருந்தது, நடுவில் ஊசி போல ஒரு கோடு. அந்த ஊசி தெரிந்தாலே துடிப்பு செத்துவிட்டது, வெறும் தொடர் ஒளிதான் வருகிறது என்று அர்த்தம். காற்றை உலர்த்தும் குடுவையைத் திறந்தால் ஆரஞ்சாக இருக்க வேண்டிய சிலிகா ஜெல் மணிகள் முழுக்கக் கரும்பச்சை. மாற்றி மூன்று வாரம்கூட ஆகவில்லை. அம்மாவின் முறுக்கு டப்பா என் லேசர் பெட்டியைவிட உலர்வாக இருந்திருக்கும் என்று அப்போது தோன்றியது. சிரிக்கவா முடியும்?

உண்மையில் அன்றைக்குக் காரணம் மணிகள் மட்டும் இல்லை. மின்சாரம் மிச்சம் பிடிக்கக் கட்டட நிர்வாகம் இரவில் குளிரூட்டியைத் தணித்து வைக்கத் தொடங்கியிருந்தது, எங்களுக்குச் சொல்லாமல். அறை 28 பாகைக்கு ஏறி, ஈரப்பதமும் 75ஐத் தொட்டால் பனிப்புள்ளி, அதாவது காற்றின் ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 23க்குப் பக்கத்தில் வந்துவிடும். லேசரைக் குளிர வைக்கும் நம்முடைய சில்லர் தண்ணீரோ 20 பாகையில் ஓடுகிறது. அப்புறம் குழாய் வேர்க்காமல் என்ன செய்யும்? ஐஸ் போட்ட மைலோ டம்ளர் மாதிரி துளித்துளியாக வேர்த்து, மேசைக் காலோடு வழிந்து, தரையில் ஒரு குட்டை. லேசரின் மின்பகுதி அதற்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. அந்த ஒரு சாணை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

மணிகளை மாற்றி, குழாய்களுக்கு நுரை உறை சுற்றி, 910க்கு இறக்கி மீதிப் படத்தை எடுத்தோம். காலையில் எண்ணெய்க் குளியலுக்கு வீட்டில் இருந்தேன், அதுவே பெரிது. பிறகு கடிதம் மேல் கடிதம் எழுதி அந்த ஒரு அறைக்கு மட்டும் 24 மணி நேரக் குளிரூட்டலும் தனியாக ஓர் ஈரநீக்கியும் வாங்கிவிட்டோம். ஈரநீக்கியின் வாளியை யார் கொட்டுவது என்பதற்கு ஒரு பட்டியல் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதில் திங்கள், புதன், வெள்ளி என் பெயர். என் படிப்புக்கு இப்படி ஒரு வேலை.

நியாயமாகப் பேச வேண்டும். இந்த லேசர் எனக்குக் கொடுத்த ஒரு சந்தோஷத்தை விற்பனைக்கு வந்தவர் வாயே திறந்து சொன்னதில்லை. வாங்கி இரண்டாம் மாதம், எலித் தோல் துண்டு ஒன்றை எந்தச் சாயமும் போடாமல் சும்மா அடியில் வைத்தேன், குவியம் சரியா என்று பார்க்கத்தான். 920 கொடுத்து, 460க்கான வடிகட்டியைத் திறந்தேன். திரையில் தோலைத் தாங்கும் புரதமான கொலாஜனின் இழைகள் எழுந்து வந்தன, பாயை முடைந்து பாதியில் விட்ட மாதிரி, ஒவ்வொரு இழையும் தனித்தனியாக. சரிபாதி அலைநீளத்தில் ஒளி திரும்பி வரும் இரண்டாம் ஒத்திசை. சாயம் இல்லை, வெளுத்துப்போவது இல்லை, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். அன்றைக்கு மதியச் சாப்பாட்டையே மறந்துவிட்டேன். இந்த விளைவை 1961இல் குவார்ட்ஸ் படிகத்தில் முதன்முதலாகக் கண்டு வெளியிட்டபோது, படத்தில் இருக்க வேண்டிய அந்தச் சின்னப் புள்ளியை அழுக்கு என்று நினைத்து இதழ்க்காரர்களே அழித்துவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. அதே புள்ளிதான் இன்றைக்குக் கல்லீரலில் தழும்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளக்க உதவுகிறது. சிங்கப்பூரில் ஹிஸ்டோஇண்டெக்ஸ் என்ற நிறுவனம் இதையே தொழிலாக நடத்துகிறது. எங்கள் கூடத்தில் இப்போது பாதிக் கட்டுரைகள் கொலாஜனைப் பற்றித்தான், எலி மூளைக்கென்று வாங்கிய லேசரில்.

சரி, பழுது பார்த்த கதை. ஒரு திங்கட்கிழமை காலையில் பச்சை பம்ப் லேசரின் திறன் இறங்கியது. டயோடுகளுக்கு ஆயுள் முடிந்தது, அதில் யாரையும் குறை சொல்ல முடியாது, எல்லா டயோடும் ஒரு நாள் போகும். ஆனால் பாகம் வர நான்கு வாரம், அதைப் பூட்டப் பொறியாளர் வெளிநாட்டிலிருந்து வர மூன்று வாரம், அவர் வந்து வேலை செய்தது ஒன்றரை நாள். பராமரிப்பு ஒப்பந்தம் இல்லாதவர்கள் கட்டணத்தைக் கேட்டால் உட்கார்ந்துகொண்டு கேளுங்கள். வந்த மனிதர் கெட்டிக்காரர், ஒளிப்பாதையை அவர் நேராக்கிய பிறகு 920இல் திறன் புதுசில் இருந்ததைவிட நன்றாக இருக்கிறது. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆகவே தம்பி, வாங்காதே. 920இல் மட்டும் நிற்கும் ஃபைபர் ஃபெம்டோ வினாடி லேசர்கள் இப்போது வந்துவிட்டன. சின்னப் பெட்டி, காற்றிலேயே குளிரும், சில்லர் இல்லை, குழாய் வேர்க்காது. அலைநீளத்தைத் திருப்ப முடியாதுதான், ஆனால் நாங்களே ஆறு வருஷத்தில் 920ஐ விட்டு எத்தனை நாள் நகர்ந்தோம்? நாட்குறிப்பைப் புரட்டினால் விரல் விட்டு எண்ணிவிடலாம். பழைய டைட்டானியம் சஃபையரை எடுத்தால் டயோடு மாற்றி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று முதலில் கேள், உன் கூடத்தில் இரவில் குளிரூட்டி ஓடுமா என்று இரண்டாவதாகக் கேள். கடற்கரை ஊர்க் காற்றைப் பற்றி நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே எங்கள் பேராசிரியர் வந்து, அடுத்த மானிய விண்ணப்பத்தில் புதுக் கருவிக்கு இடம் இருக்கிறது, ஃபைபர் லேசர் போடலாமா என்று கேட்டார். இல்லை சார், இதுவே இருக்கட்டும், இதன் அடுத்த மாடலைப் போடுங்கள் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்காதே. அப்போது திரையில் கொலாஜன் ஓடிக்கொண்டிருந்தது.

கரும்பச்சை மணிகள் மூன்று கிலோ என்னிடம் சேர்ந்திருக்கின்றன, அடுப்பில் 120 பாகையில் வைத்து எடுத்தால் ஆரஞ்சாகிவிடும். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது கொண்டுவரட்டுமா, சொல்.